மிதித்தால் அடங்கும் பெடல்

ரோலர்

அந்தோணி பலகையை ஓங்கி மிதித்தான். ரோலர் நின்றது. கை தப்பித்தது, சுண்டுவிரலின் நுனி தப்பவில்லை.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், சிரம்பானுக்கு அருகே செண்டாயான் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தபோது நடந்தது இது. உறைந்த ரப்பர் பாலை ரோலர் மெஷினில் கொடுத்துத் தள்ளினால் ஷீட்டாக மறுபக்கம் வரும். மெஷினுக்குக் கீழே, ஆள் நிற்கும் இடத்தில், ஒரு மரப்பலகை பதித்திருக்கும். அதை மிதித்தால் பெல்ட் தளர்ந்து ரோலர் நிற்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் பலகையைத் தூக்கிவிடும். ரோலர் மறுபடியும் ஓடும். ரோலர் வேலைக்கு வருகிறவனுக்கு மெஷினைக் காட்டும் முன்பே அந்தப் பலகையைத்தான் காட்டுவோம். "பயந்தா மிதி" என்பதுதான் அங்கே முதல் பாடம். அதற்கு மேல் பாடமும் கிடையாது.

அந்தோணிக்கு அந்தப் பாடம் நன்றாக ஏறியிருந்தது. ஷீட்டோடு சேர்ந்து வலது கை உள்ளே போனபோது அவன் கத்தக்கூட இல்லை, மிதித்தான். நான் பெல்ட்டைக் கழற்றி, கையால் ரோலரைப் பின்னால் சுழற்றி விரலை வெளியே எடுத்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கட்டுப் போட்டார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லாத காலம் அது. விரல் ஆறியபோது நுனி போய், மீதி மடங்காமல் கட்டைபோல் நின்றுவிட்டது.

"கை முழுசாப் போவாம விட்டுச்சே, சாமிக்கு நன்றி சொல்லு" என்றேன்.

அந்தோணி விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "முழுசாப் போயிருந்தா வேற கத. போனது எந்த விரல்னு பாத்தியா கோவிந்து? போறதுக்கு இதுவா கெடைச்சது?"

அவன் அதைச் சொன்ன காரணம் எனக்குத் தெரியும். இன்றைக்குக் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளான உங்களுக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

சுண்டுவிரலின் வேலை

இப்போது ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்களெல்லாம் காலடியில் வால்யூம் பெடலோடு பிறந்தவர்கள் மாதிரி வாசிக்கிறீர்கள். பெடலில் 'கரகர' என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், உலகம் அழிந்ததுபோல் என் கடைக்கு ஓடி வருவீர்கள். நான் சிரம்பான் தெமியாங்கில் ரிப்பேர் கடை வைத்திருந்த காலமெல்லாம் அப்படி ஓடி வந்தவர்களால்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அதனால் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் காலத்தில் பெடல் என்ற பேச்சே இல்லை. ஜப்பான் சண்டைக்கு முன்பே வெளிநாட்டில் அது வந்துவிட்டதாம். மாதா கோயில் ஆர்கனில் காலால் சத்தத்தை ஏற்றி இறக்குவது அதற்கும் முன்பே இருந்ததாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. ஸ்டீல் கிட்டாருக்கு அப்போது ஹவாய் கிட்டார் என்று பெயர்; சிரம்பானில் நாங்கள் பார்த்த ஹவாய் கிட்டார்காரர்கள் அத்தனை பேரும் சுண்டுவிரல்காரர்கள்தான்.

மடியில் கிட்டாரைக் கிடத்தி, இடது கையால் இரும்புக் கட்டையைக் கம்பிகளின் மேல் இழுத்து, வலது கையால் மீட்டுவார்கள். வலது கைச் சுண்டுவிரல் மட்டும் கம்பிக்குப் போகாது. அது வால்யூம் குமிழின் மேல் கிடக்கும். மீட்டும்போது குமிழ் கீழே இருக்கும்; மீட்டிய மறுகணம் சுண்டுவிரல் அதைத் திருப்பும். கம்பியைத் தட்டிய சத்தம் கேட்காது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஸ்வரம் எழுந்து வரும். மனிதக் குரல் அழுவது போலவே இருக்கும். அந்த அழுகைக்காகத்தான் ஆட்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

அந்தோணி இதைக் கற்றுக்கொண்டது சண்டைக்கு முன்னால் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரச் சின்னத் துரையிடம். துரையின் பங்களாவில் அவனுக்குச் சமையல் வேலை. துரையிடம் மின்சாரக் கிட்டார் ஒன்றும், அதோடு வந்த, சத்தத்தைப் பெருக்கும் வால்வு ஆம்ப் ஒன்றும் இருந்தன. துரை வாசித்ததைவிட அந்தோணி நன்றாக வாசித்தான் என்று துரையே சொன்னதாக அந்தோணி சொல்வான். துரையைக் கேட்க முடியாது. ஜப்பான் பட்டாளம் வருகிறது என்றதும் அவர் உடுத்திய துணியோடு காரில் ஏறிப் போய்விட்டார். கிட்டாரும் ஆம்பும் பங்களாவிலேயே கிடந்தன.

பங்களாவுக்கு அடுத்து வந்தவர் ஒகாதா. பட்டாளத்துக்காரர் இல்லை, எஸ்டேட்டைப் பார்த்துக்கொள்ள அனுப்பிய ஜப்பான் மேனேஜர். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். தன் ஊரில் இருந்தபோது ஹவாய்ப் பாட்டு என்றால் அவருக்கு உயிராம். கிட்டாரைக் கண்டதும் யார் வாசிப்பார்கள் என்று கேட்டார். துரை போனதும் சமையல் வேலை போய் ரோலருக்கு வந்திருந்தவன் அந்தோணி. அன்றிலிருந்து காலையில் ரோலர், சாயங்காலம் பங்களாவில் கிட்டார் என்று அந்தோணியின் பிழைப்பு நடந்தது.

அதில் அவனுக்குப் பாட்டைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. சயாமில், இன்றைய தாய்லாந்துக் காட்டில், ஜப்பான்காரன் ரயில்பாதை போட எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. லாரி வரும், கூலிகளை மேய்க்கும் மண்டோர் கருப்பையா கை நீட்டுகிறவன் ஏற வேண்டும். அந்தோணியின் அண்ணன் முந்திய லாரியில் போனவன். ஒரு சேதியும் இல்லை. ஃபேக்டரி ஓட ஃபிட்டர் வேண்டும் என்பதால் என்னை விட்டார்கள். 'பங்களா ஆள்' என்பதால் அந்தோணியை விட்டார்கள். ரோலர் தள்ளுவதற்கு வேறு ஆள் கிடைப்பான். கிட்டார் வாசிக்க வேறு ஆள் இல்லை. வீட்டில் அவன் பெண்சாதி மேரி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். சுண்டுவிரல் என்றால் சும்மா விரல் இல்லை, அவன் குடும்பமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டு அவிழ்த்தபின் முதல் தடவை அவன் வாசித்தபோது ஒகாதா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். எங்களிடம் அவர் பேசுவது அரைகுறை மலாய்.

"டூலு மெனாஙிஸ். செக்காராங் திடாக்" என்றார். முன்பு அழுதது, இப்போது அழவில்லை என்று அர்த்தம்.

மறுநாளே மண்டோர் கருப்பையா ரோலர் பக்கம் வந்து நின்றான். "என்னா அந்தோணி, பங்களாவுல பாட்டு நின்னு போச்சாமே? நின்னா நீ நம்ம ஆளுலா. அடுத்த லாரி வரட்டும், எடம் போட்டு வைக்கிறேன்."

இப்படிப்பட்டவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள் என்பதை நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ரப்பர்ப் பெட்டிப் பலகையில் ஒரு பெடல்

யோசனை என்னுடையதல்ல. அந்தோணியுடையது. கருப்பையா போனபின் அவன் ரோலர் முன்னால் நின்று காலடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கோவிந்து, வெரல் இல்லாட்டி என்னா, கால் இருக்கில்ல?"

"கால வச்சு என்னா பண்ணுவ?"

"இந்தப் பலகதான் என் கையக் காப்பாத்துச்சு. இதே மாதிரி ஒண்ணு கிட்டாருக்குச் செஞ்சு குடு. வெரல் செஞ்ச வேலைய கால் செய்யட்டும்."

பெரிய காரியமாகத் தோன்றவில்லை. குமிழைத் திருப்புவதுதான் வேலை என்றால் அதை விரல் திருப்பினால் என்ன, கால் திருப்பினால் என்ன? ஆனால் அதற்குத் தனியாக ஒரு வால்யூம் கன்ட்ரோல் வேண்டும். துரை விட்டுப்போன பழுதான ரேடியோ ஒன்று பங்களா ஸ்டோரில் கிடந்தது. அந்தக் காலத்தில் ரேடியோவைத் தொட்டவன் தலை நிற்காது. ஆகவே நேராக ஒகாதாவிடமே போய், அவர் கண் முன்னாலேயே அதைக் கழற்றிக் கன்ட்ரோலை எடுத்துக்கொண்டேன்.

மீதியெல்லாம் ஃபேக்டரிக் குப்பை. ரப்பர் அடைக்கும் பெட்டியின் பலகை ஒன்று, கதவுக் கீல் ஒன்று, சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பிரிங். கன்ட்ரோல் தண்டில் ஒரு நூல்கட்டையைச் செருகி, அதில் தூண்டில் நரம்பைச் சுற்றிப் பலகையில் கட்டினேன். பலகை இறங்கினால் நரம்பு இழுக்கும், நூல்கட்டை சுழலும், சத்தம் மாறும். இன்றைக்குக் கடையில் விற்கிற பெடலைத் திறந்து பாருங்கள்; பல பெடல்களில் உள்ளே இதே நரம்பும் சக்கரமும்தான். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. கயிற்றால் கிணற்று ராட்டினத்தைச் சுற்றத் தெரிந்த எவனும் இங்கேதான் வந்து நிற்பான்.

கன்ட்ரோலில் கம்பி ஒட்டுவதற்கு மூன்று கால் இருக்கும். ஓரத்து இரண்டு கால்களில் எந்தக் கம்பியை எதில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, மிதித்தால் சத்தம் ஏறும், அல்லது மிதித்தால் சத்தம் இறங்கும். ஈயம் வைக்கும் முன் அவனைக் கேட்டேன்.

"மிதிச்சா என்னா ஆவணும்?"

"இது என்னா கேள்வி? மிதிச்சா அடங்கணும்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஃபேக்டரியில் நாள் முழுக்க மிதித்து நிறுத்தியே பழகியவர்களுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தோன்றவே இல்லை. மிதித்தால் அடங்கும், காலை எடுத்தால் ஸ்பிரிங் தூக்கிச் சத்தம் முழுசாக வரும். அப்படியே ஒட்டினேன். கோயிலில் ஆர்கன் மிதிப்பவனோ மோட்டார் ஓட்டுகிறவனோ அந்த இடத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பான். நாங்கள் ரோலர்காரர்கள்.

ஒரு வாரம் அவன் சாதகம் செய்தான். விரலைவிடக் கால் நல்லது என்பது எங்களுக்கே அப்போதுதான் புரிந்தது. வலது கை முழுக்கக் கம்பிக்குக் கிடைத்துவிட்டது. இன்னொன்றும் கண்டான். மீட்டும்போது சத்தத்தைப் பாதியில் வைத்துக்கொண்டு, கம்பியின் ஓசை தேயத் தேயக் காலை மெல்ல விட்டுக்கொண்டே போனால் ஸ்வரம் சாவதே இல்லை. கம்பி இளைக்கிறது, கால் ஈடு கொடுக்கிறது. இன்றைக்கும் வால்யூம் பெடலின் பாதி ரகசியம் அதுதான். புதிதாகப் படிக்கிறவர்கள் அதை 'ஊ... ஊ...' என்று ஏற்றி இறக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குக் கப்பல் மயக்கம் வருகிறது.

ஒகாதா முழுப் பாட்டையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாகூஸ்" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்து "பாகூஸ்" என்றார். கருப்பையா ரோலர் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். மேரி எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தேங்காய் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கிழங்கின் ருசி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கெய்ரே

அடுத்த லாரிக்கு ஆள் எடுக்கப் பட்டாளத்து அதிகாரி ஒருவரே நேரில் வந்தார். அவரைக் குளிர்விக்க ஒகாதா பங்களாவில் சாயங்காலம் ஒரு விருந்து வைத்தார். அந்தோணியின் வாசிப்பும் உண்டு. ஆம்புக்குக் கரண்டு வேண்டும் என்பதால் பங்களா இஞ்சினைப் பார்த்துக்கொள்ள நானும் போயிருந்தேன். டீசலுக்குப் பதில் ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில் ஓடிய இஞ்சின் அது, இருமிக்கொண்டேதான் ஓடும்.

அதிகாரி வரத் தாமதமானதால் அந்தோணியை வாசிக்கச் சொல்லிவிட்டார் ஒகாதா. அன்றைக்கு அவன் வாசித்த மாதிரி நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. கூலிகளின் லயத்து வீடுகளிலிருந்து நாற்காலி தூக்க வந்த ஆட்கள்கூட முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசித்து முடித்து, பலகையை நன்றாக மிதித்து, சத்தத்தை அடக்கி உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் வாசலில் சிப்பாய் கத்தினான். "கெய்ரே!"

வணக்கம் வை என்ற அந்த ஜப்பான் சொல் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் எழுந்து, இடுப்பு வரை குனிந்து நிற்க வேண்டும். அதிகாரி தலையசைக்கும் வரை நிமிரக் கூடாது, நகரக் கூடாது. நிமிர்ந்தவன் கன்னம் வீங்கித்தான் வீட்டுக்குப் போவான். எல்லோரும் எழுந்தோம். அந்தோணியும் எழுந்தான். மடியில் இருந்த கிட்டாரை அவசரமாக நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்தான்.

எழுந்தவனின் கால் பலகையிலிருந்து வந்துவிட்டது.

ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. சத்தம் முழுசாகத் திறந்துகொண்டது. நாற்காலியில் வைத்த வேகத்தில் இரும்புக் கட்டை கம்பிகளின் மேல் உருண்டு விழுந்தது. குண்டு விழுந்ததுபோல் ஒரு சத்தம். அதோடு நின்றதா என்றால் இல்லை. கிட்டார் ஆம்புக்கு நேர் முன்னால் கிடந்ததால் கத்த ஆரம்பித்தது. மைக் செட் ஊளையிடுவதைக் கேட்டிருப்பீர்களே, அது. கீழேயிருந்து கிளம்பி மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. குனிந்த தலையோடு நாங்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். யாரும் நகரக் கூடாதே! எனக்குப் பக்கத்தில்தான் பெடல். பலகை ஜம்மென்று தூக்கி நிற்பது தெரிகிறது. என் கை போகவில்லை.

வாசலைப் பார்த்தேன். அதிகாரி அங்கே இல்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அவருடைய பூட்ஸ் இரண்டும் தெரிந்தன.

வெள்ளைக்காரனின் குண்டு விமானங்கள் தலைக்கு மேலே பறக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சிரிக்கவும் முடியாது. இனி எப்படியும் அடி நிச்சயம் என்று தெரிந்ததும் எனக்குக் கால் வந்தது. பாய்ந்து பலகையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி விழுந்தேன். சத்தம் அடங்கியது. இஞ்சின் இருமுவது மட்டும் கேட்டது.

ஒகாதாவின் பொய்

அதிகாரி மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். முகம் கறுத்திருந்தது. தன் சிப்பாய்கள் பார்க்க மேசைக்கு அடியில் போனவர் அதை மறக்க என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். கத்தியின் பிடியில் கை போயிற்று. அந்தோணி அப்படியே குனிந்து நின்றான். மேரியின் பெயரை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஒகாதா முன்னால் வந்து, நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஜப்பான் மொழியில் மளமளவென்று பேசினார். அதிகாரி கேட்டார். ஆம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடு என்று சைகை செய்தார். எடுத்தேன், ஊளை கிளம்பியது. வை என்றார். வைத்தேன், அடங்கியது. மறுபடி எடுக்கச் சொன்னார், மறுபடி வைக்கச் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார். கத்தியிலிருந்து கை இறங்கியது.

அடுத்து அவர் ஏதோ கேட்க, ஒகாதா தயங்கினார். தயங்கிவிட்டு முற்றத்தில் நாற்காலி தூக்க நின்ற ஆட்களில் ஒருவனைக் காட்டினார். முனியன். ஆபீஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பது அவன் வேலை. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குக் கூப்பிட அடிப்பான். விமானம் வந்தாலும் அடிப்பான். அதிகாரி முனியனை மேலும் கீழும் பார்த்தார்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று ஒகாதா மறுநாள் ஃபேக்டரிக்கு வந்து மலாயில் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். இது எஸ்டேட்டில் புதிதாகச் செய்த விமான அபாயச் சங்கு, ஐயா வரும்போது சோதித்துக் காட்ட ஏற்பாடு செய்திருந்தோம், ஐயா ஒருவர்தான் விதிப்படி உடனே பதுங்கினீர்கள் என்று ஒகாதா அளந்து விட்டிருக்கிறார். அப்படிப்பட்ட வாயை நான் பிறகு அரசியல்வாதிகளிடம்தான் பார்த்தேன். மேசைக்கு அடியில் போனவருக்கு அதைவிட நல்ல விளக்கம் யார் கொடுப்பார்கள்? ஏற்றுக்கொண்டார்.

"பெறவு என்னா கேட்டாரு?" என்றேன்.

ஒகாதா கண்ணாடியைத் துடைத்தார். இதுவரை எப்படி அபாயம் அறிவித்தீர்கள் என்று கேட்டாராம். தண்டவாளம் அடிக்க ஓர் ஆள் இருக்கிறான் என்றாராம். "இனி மெஷின் இருக்கிறது, ஆகவே அந்த ஆள் மிச்சம், லாரியில் ஏற்று" என்றாராம் அதிகாரி. "நான் எப்படி இல்லை என்று சொல்வது?" என்று ஒகாதா என்னையே கேட்டார்.  

மிச்சம்

லாரி இரண்டு நாள் கழித்து வந்தது. தண்டவாளம் அடிக்கும் வேலைக்காக முனியனை அதுவரை யாரும் தொட்டதில்லை. கருப்பையா இப்போது முதலில் அவனைத்தான் கூப்பிட்டான்.

அந்தோணி முந்திய நாளே ஒகாதாவிடம் போய், முனியனை விட்டுவிட்டுத் தன்னை ஏற்றும்படி சொல்லியிருக்கிறான். ஒகாதா, "சங்கு ஊதுகிறவனை அனுப்பினால் சங்கு பொய் என்று தெரிந்துபோகும், பிறகு முனியன், நீ, ஃபிட்டர் என்று மூன்று பேர் போக வேண்டும்" என்று அனுப்பிவிட்டார். அந்தோணி இதை முனியனிடம் சொல்லப் போனான். நானும் கூடப் போனேன்.

முனியன் துணி மூட்டையோடு நின்றான். பெரிய பேச்சுக்காரன் இல்லை. ஆனால் அன்று பேசினான்.

"ஒன் பாட்டுப் பொட்டி என் சோத்துல மண்ணள்ளிப் போட்ருச்சுடா அந்தோணி. நீ நல்லா இரு."

'நல்லா இரு' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டான். முனியன் திரும்பிக்கொண்டான். லாரி கிளம்பும்போது அவன் பெண்சாதி செல்லம்மா ரப்பர்ப் பால் வாளியோடு ஓடி வந்தாள். பால் வெட்டும் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தாள். லாரி வளைவு திரும்பிப் போய்விட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஃபேக்டரிக்குத் திரும்பினோம்.   அந்தோணி பிழைத்தான் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டும் உண்மை.

தண்டவாளம்

பொய்யாகச் சொன்ன சங்கை இப்போது மெய்யாக்கியாக வேண்டும். ஆம்பையும் கிட்டாரையும் பெடலையும் ஃபேக்டரி மாடியில் ஏற்றி, பங்களா இஞ்சினைக் கீழே கொண்டுவந்து வைத்தேன். தகரத்தில் ஒரு குழாய் செய்து ஆம்பின் வாயில் வைத்தேன். அந்தோணிக்கு அதன் பக்கத்தில் உட்காரும் வேலை. விமானம் வந்தால் பலகையிலிருந்து காலை எடுக்க வேண்டும். அழ வைக்கக் கற்றவன் ஊளையிட வைத்துக்கொண்டிருந்தான்.

அதுவும் ஒழுங்காக நடந்ததா? விமானச் சத்தம் கேட்டபிறகு நான் ஓடிப் போய் இஞ்சினை முடுக்க வேண்டும். அந்த ரப்பர் எண்ணெய் இஞ்சின் முதல் இழுப்பில் கிளம்பியதே இல்லை. கிளம்பினாலும் வால்வுகள் சூடேற வேண்டும். எல்லாம் முடிந்து ஊளை எழும்போது விமானம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எழுந்த ஊளையும் ஃபேக்டரி எல்லையைத் தாண்டாது. முனியன் தண்டவாளத்தை அடித்தால் கடைசி லயத்து வாசல் வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் செல்லம்மா மாடிப்படி ஏறி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்தோணி எழுந்து நின்றான்; அவசரத்தில் காலை எடுத்துவிடாமல் கவனமாக எழுந்தான்.

"அண்ணே, அந்தத் தண்டவாளத்த எறக்கிராதீங்க" என்றாள்.

"யாரும் எறக்கல தாயி" என்றேன்.

"சும்மா தொங்குனா நாளைக்கு எறக்கிருவாங்க. தெனைக்கும் யாராச்சும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். அவரு வந்தா எந்த வேலைக்குன்னு வருவாரு? வேலை இருந்தாத்தானே வருவாரு? அதுவரைக்கும் நானே அடிக்கிறேன். தொரைக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

 நான்தான் ஒகாதாவிடம் போனேன். சங்கு கெட்டால் மாற்று வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கியது. உடனே சரி என்றார். மறுநாள் விடியற்காலையில் செல்லம்மா பெரட்டுக்குத் தண்டவாளம் அடித்தாள். முனியன் அடிக்கும் தாளம் மாறாமல் அடித்தாள். முதல் நாள் லயத்தில் பலர் முனியன் திரும்பிவிட்டான் என்று நினைத்து வெளியே ஓடி வந்துவிட்டார்கள்.

இரண்டு கம்பி

சண்டை முடிந்தது. மேரிக்குப் பிறந்த பையன் அப்போது நடந்துகொண்டிருந்தான். திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள் ஒகாதாவைக் கைதியாகக் கொண்டுபோனார்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. அந்தோணி ஆம்பை மாடியிலிருந்து இறக்கினான்.

பிற்பாடு நான் எஸ்டேட்டை விட்டுச் சிரம்பானில் கடை போட்டபின்தான் வெளிநாட்டில் செய்த பெடல் ஒன்று என் மேசைக்கு ரிப்பேருக்கு வந்தது. திறந்து பார்த்துச் சிரித்தேன். உள்ளே அதே நரம்பு, அதே சக்கரம். ஆனால் மிதித்தால் சத்தம் ஏறுகிறது. குதிகாலைச் சாய்த்தால் அடங்குகிறது. ஸ்பிரிங்கே இல்லை, விட்ட இடத்தில் நிற்கிறது. வாசிப்பவன் எழுந்து போவதென்றால் குதிகாலால் ஒரு அழுத்து, ஊமையாகிவிடும். அந்தோணியின் பெடலை வரவழைத்து ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்தேன். ஓரத்து இரண்டு கம்பிகளை இடம் மாற்றி ஈயம் வைத்தேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்து வேலை. இதற்குப் பின் வந்தவற்றையும் பார்த்துவிட்டேன். பக்கவாட்டில் அசைத்தால் ஒலியின் குணம் மாறும் பெடல் வந்தது. தேயும் கன்ட்ரோலே இல்லாமல், உள்ளே விளக்கு வைத்து வெளிச்சத்தால் சத்தத்தை ஆளும் பெடலும் வந்தது. எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, கால் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்பதைத்தான். நீங்களும் அதைப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த பாடம் அது இல்லை. நான் எஸ்டேட்டை விடுவதற்கு முன் நடந்தது ஒன்று உண்டு.

சயாமுக்குப் போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தார்கள். அந்தோணியின் அண்ணன் வந்தான். முனியன் வரவில்லை. யாரைக் கேட்டாலும் எந்தக் கேம்ப் என்றே தெரியவில்லை. செல்லம்மா அடித்துக்கொண்டிருந்தாள். அப்போது புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை, ஆபீஸில் மின்சார மணி வைக்கப் போகிறேன், கம்பி இழுத்துக் கொடு என்றார்.

"தொர, மணி வச்சா அந்த அம்மாவுக்கு என்ன வேல?" என்று கேட்டேன். ஃபிட்டர் கேட்கிற கேள்வியா அது என்பதுபோல் பார்த்தார். அதைச் சொல்லுங்கள், பிறகு கம்பி இழுக்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. முணுமுணுத்துவிட்டு, பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை தருவதாகச் சொன்னார். சொன்னபடி கொடுத்தார்.

நான் அதோடு விடாமல் செல்லம்மாவிடம் போனேன். "மணி போடச் சொல்றாங்க. ஆனா தண்டவாளத்த எறக்க மாட்டேன். நீ சொன்னது ஞாபகம் இருக்கு. அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்றேன்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இனிமே எதுக்குண்ணே" என்றாள். "எறக்கிருங்க."

நான்தான் இறக்கினேன். அதுவரை அவளோடு சேர்ந்து நானும் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது ஏணியில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் மறைத்துக் கொக்கி தெரியவில்லை. அந்தோணி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, புதுக் கருவி எதுவானாலும் பூட்டுங்கள், நல்லதுதான். பூட்டும் முன், இதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் யார், அவருக்கு இனி என்ன வேலை என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள். கம்பியை எப்போது வேண்டுமானாலும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாம்.